ரெண்டையும் விடணுமாம்

போன வாரம் அக்காவின் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு தம்பி நின்றானே, அந்த இடத்தில் இவர்களை விட்டுவிட்டு வந்தோம். இப்போதுதான் வந்து உட்காருகிறவர்களுக்காக நடந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்.

அக்கா வெல்டர். சொந்தப் பட்டறை. கேட், க்ரில், ஏணி எதுவானாலும் அவள் பற்றவைத்தது பிரிந்து வந்ததாகச் சரித்திரம் இல்லை. தம்பி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன், அம்மாவோடு இருக்கிறான். அக்கா, கண்ணாடியோடு இருக்கிறாள்.

கண்ணாடி என்பது ஆள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடும். கடை ஷட்டர் சிக்கிக்கொண்டது என்று எதிர்ப்பக்கப் பட்டறைக்கு வந்தவள் அவள். ஷட்டர் அன்றைக்கே சரியாகிவிட்டது. ஆனாலும் ஏதாவது சாக்குச் சொல்லி வந்துகொண்டே இருந்தாள். பிறகு சாக்கும் சொல்லவில்லை. ரெண்டு பொம்பளைங்க புருஷன் பெண்டாட்டி போல இருக்காங்க என்று தெரு பேசும். "அந்த ‘போல’ எதுக்கு?" என்பாள் கண்ணாடி.

வெல்டருக்கு இருமல் நிற்கவே இல்லை. படம் எடுத்தார்கள். நெஞ்சு டாக்டர் மூடி மறைக்காமல் சொன்னார். "புற்று இல்ல. ஆனா நெஞ்சுக்குள்ள கரி ஏறிக் கிடக்கு. பட்டறைப் புகையை விடச் சொல்ல மாட்டேன், அது உங்க சோறு. சிகரெட்டை விடுங்க. இன்னிக்கு விட்டா மிச்சம் இருக்கிறது உங்களோடது."

சிகரெட்டை விட உதவுவதற்கென்றே அந்த ஆஸ்பத்திரியில் தனிப் பிரிவு இருந்தது. அங்கிருந்த ஆலோசகர் தம்பிக்குத் தெரிந்தவர். தம்பியே நேரம் வாங்கிக் கொடுத்தான். அக்கா போனாள். பாதியில் எழுந்து வந்துவிட்டாள். ஏன் என்று யாரிடமும் வாய் திறக்கவில்லை.

இன்று காலை தம்பியின் ஸ்கூட்டர் பட்டறை வாசலில் வந்து நின்றது.

ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தான். வெல்டர் குந்தி உட்கார்ந்து ஒரு பள்ளிக்கூட கேட்டின் அடிச்சட்டத்தைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். இடது கையில் முகத்துக்கு நேரே ஷீல்டு, வலது கையில் ராடு. பொறி பறந்தது.

"அக்கா, நிறுத்து."

"இருடா. ஜாயின்ட் பாதியில நிக்குது."

"எல்லாமே உனக்குப் பாதியிலதான் நிக்கும். நேத்தும் நீ போகல."

வெல்டர் ராடைத் தூக்கினாள். பொறி அடங்கியது. சின்னச் சுத்தியலால் கசடைத் தட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"எங்கே போகல?"

"எங்கேன்னு கேக்கிற பாரு! முதல் தடவை பாதியில எந்திரிச்சு வந்துட்டே. சரி, ஏதோ கூச்சம்னு மறுபடி நேரம் கேட்டு வாங்கினேன். அவர் வேலையை விட்டுட்டு உனக்காக உக்காந்திருந்தாரு. என் பேரையே கெடுத்துட்டே."

"உன் பேருக்கு என் நெஞ்சுக்குள்ள என்னடா வேலை?"

"பேச்சை மாத்தாதே!" அவன் குரல் தகரக் கூரையில் போய் இடித்தது. "அந்தப் படத்தை முதல்ல பார்த்தது நான். அப்பாவோட படத்தையும் நான்தான் முதல்ல பார்த்தேன். எனக்கு மட்டும் என்ன தலையெழுத்து, வீட்டுல எல்லாரோட நெஞ்சையும் வெளிச்சத்துல வெச்சுப் பாக்கணும்னு? அப்பா கடைசியில படுக்க முடியாம உக்காந்துக்கிட்டே தூங்கினாரே, மறந்துட்டியா?"

"மறக்கல."

"அப்புறம் ஏன் போக மாட்டேங்கிறே? என்ன கேட்டுட்டாங்க உன்னை? மலையைப் புரட்டவா சொன்னாங்க?"

என்ன சொன்னார்கள் என்பதை இவனிடமே எப்படிச் சொல்வது? தம்பி தோளுக்கு மேல் வளர்ந்து ஆஸ்பத்திரிச் சட்டை போட்ட பிறகும், அவன் முகம் வாடினால் இவளுக்குத் தாங்காது. அவனுக்கு வேண்டிய மனிதரைப் பற்றி அவனிடமே குறை சொல்லப் பிடிக்காமல் தொண்டையிலேயே வைத்திருந்தாள். அவன் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டான்.

"சரி. உன் இஷ்டம். அப்பா மாதிரியே போய்ச் சேரு. ஆனா அடுத்த படம் எடுக்க என்கிட்ட வராதே!"

ஸ்கூட்டர் சீறிக்கொண்டு போனது.

வெல்டர் நின்ற இடத்திலேயே சட்டைப் பையைத் தடவினாள். ஒன்றை எடுத்துப் பற்றவைத்தாள். முதல் இழுப்பிலேயே இருமல் பிடித்துக்கொண்டு ஆளை இரண்டாக மடித்தது.

எதிர்க் கடைக் கல்லாவில் இருந்து கண்ணாடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். லென்ஸ் துடைக்கும் துணி கையில் இருக்க, சாலையைக் கடந்து வந்தாள்.

"உள்ளே வா. பேசணும்."

கடைக்குள், கண் பரிசோதிக்கிற உயர நாற்காலியில் வெல்டரை உட்காரவைத்தாள். எதிரே பெரிதில் தொடங்கிச் சிறிதாகிக்கொண்டே போகும் எழுத்துப் பலகை.

"அன்னிக்கு அந்த ரூம்ல என்ன நடந்தது? நானும் நீயா சொல்லுவேன்னு பார்த்தேன். இன்னிக்கு அவன் தெருவே கேக்கிற மாதிரி கத்திட்டுப் போறான். இனிமேலும் மென்னு முழுங்கினா நான் சும்மா இருக்க மாட்டேன்."

வெல்டர் எழுத்துப் பலகையையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"முதல்ல நல்லாத்தான் பேசினாரு. காலையில எப்போ முதல் சிகரெட், எப்போ கை தானா பாக்கெட்டுக்குப் போகுது, முன்னாடி விட்டுப் பார்த்திருக்கியான்னு. நானும் மனசு திறந்து சொன்னேன். வீட்டுல மாப்பிள்ளைப் பேச்சு எடுக்கும்போதெல்லாம் எந்திரிச்சு வெளியில போய் ஒண்ணு பத்தவெப்பேன், அப்படி ஆரம்பிச்சதுதான்னு. அவரும் சிரிச்சாரு. அப்புறம், வீட்டுல கூட யார் இருக்காங்கன்னு கேட்டாரு. வைத்தியம் பாக்கிற இடம், மறைக்கக் கூடாதுன்னு உன்னைப் பத்திச் சொன்னேன்."

"ம்."

"பேனாவைக் கீழே வெச்சாரு. ‘ரெண்டும் ஒரே வேர்ல முளைச்சதும்மா’ன்னாரு. மனசு தடுமாறின வயசுல ரெண்டு பழக்கமும் வந்து ஒட்டிக்கிச்சாம். ஒண்ணை மட்டும் வெட்டினா மறுபடியும் தழைக்குமாம். அதனால ரெண்டையும் விடணுமாம்."

கண்ணாடி துணியை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"அப்போ நான் பழக்கமா?"

"ஏய்..."

"இல்ல, தெரிஞ்சுக்கிறேன். சாராயம், சிகரெட், நான். வரிசை சரியா?"

"இதுக்குத்தான் உன்கிட்ட சொல்லல. சொல்றதுக்கே நாக்கு கூசிச்சு."

"உனக்கு எதுக்குடி கூசணும்? சொன்னவனுக்குக் கூசல!"

கண்ணாடி சாதாரணமாகக் குரல் உயர்த்துகிற ஜாதி இல்லை. வாடிக்கையாளர் மூக்குக்கண்ணாடியின் காலைத் தானே உடைத்துவிட்டு வந்து ஃபிரேமைக் குறை சொன்னாலும் சிரித்துக்கொண்டே திருகாணி முடுக்கித் தருபவள். அப்படிப்பட்டவள் கல்லாவைப் பூட்டினாள். பவர் பார்க்க வந்த ஒருவர் வாசலில் நின்றார்.

"மத்தியானம் வாங்க. இப்போ கோபத்துல எனக்கே எழுத்து தெரியல."

ஷட்டரை இறக்கிய வேகத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

ஆலோசகரின் அறை ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருந்தது. சுவரில் கருத்துப்போன நுரையீரல் படங்கள். மேஜைமேல் பிளாஸ்டிக் நுரையீரல் ஒன்று, பாதி சிவப்பு, பாதி கறுப்பு. அவர் கெட்ட மனிதராகத் தெரியவில்லை. தலை நரைத்து, மென்மையாகப் பேசி, எழுந்து நின்று நாற்காலி காட்டுகிற மனிதர். வெல்டருக்கு அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"வாங்கம்மா. வருவீங்கன்னு தெரியும். இவங்க...?"

"நான்தான் அந்த இன்னொரு பழக்கம்," என்றாள் கண்ணாடி. உட்காரவில்லை.

அவர் முகம் மாறியது.

"என்னை விடச் சொன்னீங்களாமே. எப்படி விடணும்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தோம். ஒரேயடியாவா, நாளுக்குக் கொஞ்சமாவா? எனக்குப் பதிலா வாயில போட்டு மெல்ல ஏதாவது குடுப்பீங்களா? கைநடுக்கம் வந்தா என்ன பண்ணணும்?"

"அம்மா, நான் தப்பான எண்ணத்துல சொல்லல. ஒரு குடும்பத்தோட நன்மைக்காக..."

"எந்தக் குடும்பம் சார்? இவ குடும்பம் நான். என்னைக் கேட்டீங்களா?"

"கோபப்படாதீங்க. நானா அந்தப் பேச்சை எடுக்கல. இவங்க தம்பிதான் கேட்டுக்கிட்டாரு."



"என்ன கேட்டுக்கிட்டான்?" வெல்டர் முதல் தடவையாக வாய் திறந்தாள்.

அவர் சொல்லியிருக்கக் கூடாது என்று நினைத்தது முகத்தில் தெரிந்தது. ஆனால் சொல்லி முடிக்காமல் தப்பிக்கவும் வழி இல்லை.

"‘சிகரெட்டோட சேர்த்து அந்த விஷயத்தையும் கொஞ்சம் பேசிப் பாருங்க சார். என் கல்யாணம் வருது’ன்னாரு. நீங்க சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்மா. நல்ல பையன். உங்க மேல உசுரையே வெச்சிருக்கான்."

வெல்டருக்கு இப்போதுதான் புரிந்தது. அன்றைக்கு ‘வீட்டுல யார் இருக்காங்க’ என்று கேட்டது, தெரியாமல் கேட்டது இல்லை. தெரிந்துகொண்டே கேட்டது. இவள் என்னவோ துணிந்து உண்மை சொன்னதாக நினைத்து, உள்ளங்கை வேர்த்து, வார்த்தை தேடிச் சொன்னாள். அவர் காத்திருந்தார்.

"சார்," என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "அன்னிக்கு நீங்க முதல்ல கேட்டதெல்லாம் நல்ல கேள்விங்க. அதுவரைக்கும் யாரும் என்கிட்ட அப்படிக் கேட்டதில்ல. திட்டுவாங்க, அழுவாங்க, பாக்கெட்டைப் பிடுங்கி எறிவாங்க. நீங்க மட்டும்தான் கேட்டீங்க. கொஞ்ச நேரம், நிஜமாவே நான் விட்டுடுவேன்னு எனக்குத் தோணிச்சு. விடணும்னு தானே வந்தேன்? அந்த நம்பிக்கையை நீங்களே பிடுங்கிட்டீங்க. இங்கேருந்து வெளியில போய் அன்னிக்கு நான் ஊதின அளவு என் வாழ்க்கையில ஒரு நாளும் ஊதினதில்ல."

ஆலோசகர் பிளாஸ்டிக் நுரையீரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இந்த நாற்காலியில என்னை மாதிரி இன்னும் எத்தனை பேர் வந்து உக்காந்தாங்களோ," என்றாள் கண்ணாடி. "அவங்களும் எந்திரிச்சுப் போயிருப்பாங்க. நீங்க, வந்தவங்களுக்கே அக்கறை இல்லன்னு எழுதிக்கிட்டிருப்பீங்க."

கதவைச் சாத்தாமலே வெளியே வந்தார்கள்.

எக்ஸ்ரே அறை வாசலில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே படம் எடுக்கிறார்கள் என்று அர்த்தம். பெஞ்சில் கையில் கட்டுடன் ஒருவர், முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மாள். வெல்டர் உட்காரவில்லை. விளக்கு அணைந்ததும் கதவைத் தள்ளினாள்.

தம்பி ஈய ஏப்ரன் போட்டுக்கொண்டு மெஷினைத் திருப்பிக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. காலையில் கத்தியது பலித்துவிட்டது என்று நினைத்திருப்பான்.

"வந்துட்டியா? போனியா அங்கே?"

"போனேன். ‘அந்த விஷயம்’னா என்னடா?"

மலர்ச்சி அப்படியே உறைந்தது.

"அக்கா, வெளியில ஆளுங்க நிக்கிறாங்க."

"நிக்கட்டும். அந்த விஷயத்தையும் பேசிப் பாருங்க சார்னு சொன்னியாமே. எந்த விஷயம்? பேரைச் சொல்லு."

"கத்தாதே."

"காலையில நீ கத்தினப்போ தெருவே நின்னு கேட்டுச்சு! நான் மட்டும் கத்தக் கூடாதா?"

அவன் ஏப்ரனின் பட்டையைக் கழற்றப் பார்த்தான்.

"பொண்ணு வீட்டுல கேக்கிறாங்க. அக்காவுக்கு ஏன் கல்யாணம் ஆகல, கூட இருக்கிறது யாருன்னு. நான் என்ன சொல்லட்டும்?"

"நீ என்ன சொன்னே?"

அவன் மெஷினைத் திருப்பப் போனான்.

"சொல்லுடா!"

"பக்கத்து போர்ஷன்ல வாடகைக்கு இருக்கிறவங்கன்னு சொன்னேன்."

கதவருகே கண்ணாடி நின்றிருந்தாள். அதை அவன் அப்போதுதான் பார்த்தான். அவளை அவன் இதுநாள் வரை எந்த உறவு சொல்லியும் கூப்பிட்டதில்லை. ‘அவங்க’தான். ‘அவங்க இருக்காங்களா’, ‘அவங்ககிட்ட குடுத்துடு’. அக்கா என்றோ அண்ணி என்றோ ஒரு சொல் அவன் வாய்க்குள் வழி தெரியாமல் இத்தனை காலமும் சுற்றிக்கொண்டிருந்தது.

"அப்பா படுக்க முடியாம உக்காந்துக்கிட்டே தூங்கினாரே," என்றாள் வெல்டர். "காலையில எனக்கு ஞாபகப்படுத்தினியே. அவர் சாயாம இருக்க முதுகுக்குப் பின்னாடி தலகாணி மாதிரி உக்காந்திருந்தது யாருடா? நீ நைட் டியூட்டி. நானும் அம்மாவும் அழுது ஓய்ஞ்சு போயிட்டோம். வாடகைக்கு இருக்கிறவளா அவரைத் தாங்கிப் பிடிச்சா?"

"அக்கா, போதும்..."

"உன் கல்யாணப் பந்தலுக்கு என்னைப் பெயின்ட் அடிச்சு நிறுத்தப் பார்த்தியா? அதுக்கு என் இருமலைச் சாக்கா வெச்சுக்கிட்டே. எனக்கு உடம்பு சரியில்லன்னு தெரிஞ்ச அன்னிக்கு, நான் பயந்து கிடந்த அன்னிக்கு, அந்த பயத்துக்குள்ள கையை விட்டுட்டே!"

"நானும் பயந்துதான் போனேன்!" அவன் வெடித்தான். கண்ணில் தண்ணீர் நின்றது. அதைத் துடைக்கவும் கோபம். "உனக்கு என்ன தெரியும்? ரெண்டுமே எனக்கு பயம். ஒண்ணு உன் நெஞ்சைத் தின்னுடும். இன்னொண்ணுக்கு ஊர் உன்னைத் தின்னுடும். ரெண்டும் ஒரே நேரத்துல போச்சுன்னா நீ நல்லா இருப்பேன்னு நினைச்சேன். அவ்வளவுதான். வேற எதுவும் இல்ல."

"நான் நல்லாத்தான் இருந்தேன். ஊர் தின்னா ஊரைப் போய்த் திட்டு. என்னைப் பழுது பாக்க ஆள் வெக்காதே. நான் என்ன துருப்பிடிச்ச கேட்டா?"

முதுகு வலிக்கார அம்மாள் கதவு இடுக்கில் தலையை நீட்டினாள். "தம்பி, என் படம்...?"

"எடுத்துக்குங்க. நல்லா எடுப்பான்," என்றாள் வெல்டர். "உள்ளே இருக்கிறதெல்லாம் இவனுக்குத் தெரியும். வெளியில நிக்கிறதுதான் கண்ணுக்குத் தெரியாது."

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் பெட்டிக்கடை. கை தானாகப் போனது. பற்றவைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். கண்ணாடி கூடவே வந்தாள். போன் அடித்தது. தம்பி. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. அதையும் எடுக்கவில்லை.

மைக்செட்டின் கடை வழியில்தான் இருந்தது. விசேஷங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன். அவன் தொண்டைக்கு ஒலிபெருக்கியே தேவையில்லை என்பது நண்பர்கள் கட்சி. அவனும் இவர்களைப் போலத்தான். அவனுக்குத் துணை ஒரு தபால்காரர். ஒரு காலத்தில் அந்தக் கடையின் பின்பக்கம்தான் இவர்கள் எல்லோரும் கூடுகிற இடம். வேறெங்கே கூடுவது? வீட்டில் முடியாது, ஹோட்டலில் நாலு பேர் பார்ப்பார்கள். ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே நின்று, ஒருவர் சிகரெட்டில் இன்னொருவர் பற்றவைத்துக்கொண்டு, மனம்விட்டுச் சிரித்த இடம் அது. அந்தச் சிரிப்பும் அந்தப் புகையும் வெல்டருக்குப் பிரிக்க முடியாதபடி ஒன்றாகவே ஒட்டிப்போயிருந்தன.

மைக்செட் வயர் சுற்றிக்கொண்டிருந்தான். இருவர் முகத்தையும் பார்த்து, "யார் செத்தா?" என்றான்.

கண்ணாடி நடந்ததைச் சொன்னாள். கேட்கக் கேட்க அவன் சுற்றிய வயர் சிக்கலாகிக்கொண்டே போனது. கடைசியில் அதைத் தரையில் வீசினான்.

"அயோக்கியத்தனம்! ஆனா வெல்டர், எனக்கு உன் மேலயும் கோபம்தான்."

"என் மேல எதுக்கு?"

"சிகரெட்டை விட உதவுற நம்பர் ஒண்ணு அனுப்பினேனே, அடிச்சியா?"

"போடா. எல்லாம் ஒரே குட்டையில ஊறின மட்டை. இன்னொரு ஆள்கிட்ட போய் இன்னொரு தடவை செருப்படி வாங்கச் சொல்றியா?"

"நான் விட்டேனே, எப்படி விட்டேன்? மந்திரிச்சா? அந்த நம்பர்லதான். நம்ம மாதிரி ஆளுங்க வந்தா எப்படிப் பேசணும்னு கத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. வாராவாரம் அவங்களே கூப்பிடுவாங்க. சிகரெட் ஆசையை அடக்கத் தோள்ல ஒட்டிக்க பிளாஸ்திரி அனுப்பினாங்க. நடுவுல எனக்கு ரெண்டு மூணு தடவை தவறிப் போச்சு. வெக்கமா இருந்துது. ‘பரவாயில்ல, நாளைக்கு மறுபடி ஆரம்பிக்கலாம்’னாங்க. எங்கம்மாகூட என்கிட்ட அப்படிப் பேசினதில்ல."

"நமக்குன்னு தனி வரிசையா?"

"தனி வரிசை எல்லாம் இல்ல, தாயே. எல்லாரும் நிக்கிற வரிசைதான். அதுல நம்மளைத் தள்ளிவிட மாட்டாங்க. அவ்வளவுதான்."

வெல்டர் கையில் இருந்த துண்டுச் சிகரெட்டைப் பார்த்தாள். மைக்செட் பேச்சை விடவில்லை. மைக் இல்லாமலே தெருவுக்குக் கேட்டது.

"நம்ம கூட்டத்துல பாதிப் பேர் இருமிக்கிட்டுத் திரியறோம். ஏன்? ஒவ்வொருத்தன் ஒவ்வொண்ணு சொல்லும்போதும் ஒண்ணு பத்தவெச்சோம். திட்டினா ஒண்ணு, அடிச்சா ஒண்ணு, பொண்ணு பாக்கப் போகச் சொன்னா ஒண்ணு. நம்மளைப் பிடிக்காதவங்களுக்கு நாமளே வேலையை மிச்சம் பண்ணிக் குடுக்கிறோம். அந்தாளு ரெண்டையும் விடுன்னானா? அவன் மூஞ்சில கரியைப் பூசு. ஒண்ணை விடு, இன்னொண்ணை விடாதே. முடியுதா இல்லையான்னு பாரு!"

வெல்டர் துண்டைக் கீழே போட்டுக் காலால் தேய்த்தாள். தேய்த்தது சிகரெட்டையா, வேறு யாரையாவதா என்று சொல்ல முடியாது. அவ்வளவு நேரம் தேய்த்தாள்.

சாயங்காலம், வீடு. கண்ணாடி அடுக்களைத் தொட்டியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வழக்கத்தைவிடச் சத்தமாக. வெல்டர் உணவு மேஜையில் போனை வைத்துக்கொண்டு அதை ஒரு பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். தம்பியின் தவறிய அழைப்புகள் வரிசையாக நின்றன. அவற்றைத் தள்ளிவிட்டு, மைக்செட் அனுப்பிய எண்ணைத் தொட்டாள். வைத்துவிடலாம் என்று நினைப்பதற்குள் எடுத்துவிட்டார்கள்.

ஒரு பெண் குரல். அவசரமில்லாத குரல். "வணக்கம். உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?"

"வெல்டர்னே கூப்பிடுங்க."

"சரிங்க வெல்டர். சிகரெட்டை விடணும்னு கூப்பிட்டிருக்கீங்க. அதுவே பெரிய விஷயம்."

"பெரிய விஷயம் எல்லாம் ஒண்ணும் இல்ல. கோபத்துல கூப்பிட்டேன்."

"கோபமும் நல்லதுதான். நிறையப் பேருக்கு அதுதான் முதல் தள்ளு. காலையில எழுந்ததும் எவ்வளவு சீக்கிரம் முதல் சிகரெட்?"

"பல் விளக்கறதுக்கு முன்னாடி."

"எப்போ ரொம்பத் தேவைப்படுது?"

"கோபம் வந்தா. இன்னிக்கு முழுக்கக் கோபம்தான்."

"யார் மேலன்னு சொல்லணும்னு தோணினா சொல்லுங்க. இல்லேன்னா வேண்டாம்." பிறகு அந்தக் குரல் கேட்டது. "வீட்டுல உங்ககூட யார் இருக்காங்க?"

அதே கேள்வி.

தொட்டியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. கண்ணாடிக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். வைத்துவிடலாம். ‘ஃபிரெண்டு’ என்று சொல்லிவிடலாம். வாடகைக்கு இருக்கிறவள் என்றுகூடச் சொல்லலாம், தம்பி வழி காட்டியிருக்கிறான்.

"என் துணை," என்றாள். பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு, "பொண்ணு. நானும் பொண்ணு, அவளும் பொண்ணு. இதையும் சேர்த்து விடணும்னு சொல்றதா இருந்தா இப்போவே சொல்லிடுங்க, போனை வெச்சிடறேன்."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் மட்டும் வந்தது.

"அவங்க சிகரெட் பிடிப்பாங்களா?"

வெல்டருக்குச் சட்டென்று புரியவில்லை. "என்ன?"

"உங்க துணை. வீட்டுல கூட இருக்கிறவங்களும் பிடிச்சா, விடறது கொஞ்சம் கஷ்டம். அதுக்குத்தான் கேட்டேன். பிடிப்பாங்களா?"

அவ்வளவுதான். அதற்குத்தான் அந்தக் கேள்வி. வேறு எதற்கும் இல்லை. வெல்டருக்கு நெஞ்சில் எதுவோ பிடி தளர்ந்தது. இவ்வளவு சுலபமான ஒன்றை ஒரு படித்த மனிதர் எப்படிக் கெடுத்தார் என்று அந்த நிமிஷத்திலும் ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்தோடு கண்ணும் கலங்கியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இல்லைங்க," என்றாள். "அவளுக்கு அந்த வாடையே ஆகாது."

"ஆமான்னு சொல்லு."

வெல்டர் திரும்பினாள்.

கண்ணாடி தொட்டியைப் பார்த்தபடியே நின்றிருந்தாள். கையில் சோப்பு நுரை. "ஆமான்னு சொல்லு. பொய் சொன்னா அவங்க எப்படி உதவி பண்ணுவாங்க?"

"என்னடி சொல்றே?"

"படம் வந்த அன்னியிலேருந்து. கடைக்குப் பின்னாடி, ஷட்டரை இறக்கிட்டு." குழாயைத் திறந்து கை நுரையைக் கழுவினாள். "நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்னு கை நடுங்கிச்சு. உன்னோடதுல ஒண்ணு எடுத்தேன். நடுக்கம் நின்னுச்சு. அப்புறம் தினமும் நடுங்கிச்சு."

வெல்டர் எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. காலையிலிருந்து தம்பி, ஆலோசகர், ஊர் என்று பங்குபோட்டுக் கொடுத்தும் மிச்சம் இருந்த கோபம் எல்லாம் இப்போது ஒரே இடத்தில் வந்து நின்றது. என் நெஞ்சைப் பார்த்து பயந்தவள், தன் நெஞ்சில் கொள்ளி வைத்துக்கொண்டாளா?

"ஹலோ? வெல்டர், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்." போனை இறுக்கிப் பிடித்தாள். பார்வை கண்ணாடியின் முதுகைவிட்டு அகலவில்லை. "வெச்சிடாதீங்க. ஒருத்திக்குன்னு எழுதியிருந்தா ரெண்டு பேர்னு மாத்திக்குங்க. இங்கே ஒரு சண்டை இருக்கு, முடிச்சிட்டு வந்துடறேன்."